பழனியம்மாள் ஊற்றிய பால்

ஒச்சப்பனுக்கு உயிர் இழுத்துக்கொண்டு கிடந்தது. இன்றைக்கு முடிந்துவிடும் என்று சொந்தக்காரர்கள் வந்து வாசலில் உட்காருவார்கள். வெற்றிலை போடுவார்கள், மழையில்லாத வானத்தைப் பற்றிப் பேசுவார்கள், மாட்டுக்குத் தண்ணீர் காட்ட வேண்டும் என்று எழுந்து போவார்கள். மறுநாள் மறுபடி வருவார்கள். உயிர் போகவில்லை.

சுவருக்கு இந்தப் பக்கம் பழனியம்மாள் கேட்டுக்கொண்டிருந்தாள். ஒச்சப்பன் அவளுக்கு மூத்தார், அதாவது செத்துப்போன புருஷனுக்கு அண்ணன். பாகம் பிரித்தபோது ஒரே வீட்டை நடுவில் மண்சுவர் வைத்து இரண்டாக்கியிருந்தார்கள். சுவர் ஓடு வரைக்கும் எட்டவில்லை. மேலே விட்டிருந்த இடைவெளி வழியாக அந்த வீட்டுப் பேச்சும் இருமலும் இந்த வீட்டுக்கு வரும். இப்போது மூத்தாரின் மூச்சு வந்தது. ஈரமரத்தில் ரம்பம் ஓடுவதுபோல இழுக்கும், நிற்கும், பிறகு மறுபடி இழுக்கும். அந்தத் தாளத்துக்கு ஒத்தாற்போல அவள் அம்மியில் மிளகாய் அரைத்தாள். பல வருஷத்துக்குப் பிறகு அவளுக்கு நன்றாகப் பசித்தது.

திண்டுக்கல் பக்கத்தில் உயிர் இப்படி இழுத்தால் அதற்கென்று ஒரு முறை உண்டு. அது வைத்தியம் இல்லை. சாவி தொலைந்த பூட்டை வேறு வேறு சாவிகளைப் போட்டுத் திறந்து பார்ப்பது போன்ற வேலை. போக வேண்டிய உயிர் போகவில்லை என்றால் ஏதோ ஒன்று அதைப் பிடித்து வைத்திருக்கிறது. அது என்னவென்று கண்டுபிடித்து அதில் ஒரு துளியைக் கொடுத்துவிட்டால் பிடி தளர்ந்துவிடும். நிலத்தின் மேல் ஆசை வைத்தவனுக்கு அவன் காட்டு மண்ணைத் தண்ணீரில் கரைத்து, தெளிந்ததும் வாயில் விடுவார்கள். பொன்னில் ஆசை வைத்தவனுக்குத் தங்கத்தை உரசிய தண்ணீர். வாய்ருசிக்காரனுக்கு, பிடித்த பண்டத்தை நாக்கில் தடவுவார்கள்.

ஒச்சப்பனுக்கு இந்த மூன்றையும் செய்து பார்த்தாயிற்று. அவர் பெண்டாட்டி சோலையம்மாள் கிணற்றுமேட்டு மண்ணைக் கரைத்து ஊற்றினாள். தன் தாலியை உரசி ஊற்றினாள். சிறுமலை வாழைப்பழம் என்றால் அவருக்கு உயிர் என்று, ஆள் அனுப்பி வாங்கிவரச் சொல்லிப் பிசைந்து கொடுத்தாள். பழத்தை மட்டும் அவர் சப்புக்கொட்டி விழுங்கிவிட்டு, தெம்பாக மறுபடி இழுக்க ஆரம்பித்தார்.

பிறகுதான் கோடாங்கி ராமரைக் கூப்பிட்டார்கள். கோடாங்கி என்றால் உடுக்கடித்து அருள் வந்து குறி சொல்கிறவர். அவர் உடுக்கடித்து, பிடித்திருப்பது ஆசை இல்லை, பகை என்றார். ஒரு பெண்ணின் வயிற்றெரிச்சல் இவர் காலைக் கட்டியிருக்கிறது. அவள் தன் கையால் பால் ஊற்றி, தன் வாயால் மன்னித்தேன் என்று சொல்ல வேண்டும். பெயரை அவர் சொல்லவில்லை. வாசலில் இருந்த அத்தனை பேரும் சுவர்ப்பக்கம் திரும்பினார்கள்.

இங்கே மன்னிப்பை யாரும் பெருந்தன்மை என்று நினைப்பதில்லை. அது ஒரு வெட்டரிவாள் மாதிரி. ஒரு பிறவியில் இரண்டு உயிர்களுக்கு நடுவே தீராமல் நிற்பது எதுவோ, அது கயிறாகி அடுத்த பிறவிக்கும் அவர்களைச் சேர்த்துக் கட்டி அனுப்பும். அன்பும் கயிறுதான், பகையும் கயிறுதான். ஒரே உயிரை இரண்டும் இழுத்தால் பகைதான் இழுத்துக்கொண்டு போகும் என்பது கோடாங்கிகள் சொல்வது. அப்படிக் கட்டுண்டவர்கள் மாமியார் மருமகளாகப் பிறக்கலாம், ஒரே நுகத்தில் இரண்டு மாடாகவும் பிறக்கலாம். அறுக்க முடிவது பட்டவர்களால் மட்டும்தான். தீங்கு செய்தவனிடம் அரிவாள் கிடையாது.

பழனியம்மாளுக்கு நடந்தது இதுதான். மின்சாரம் வந்து பம்புசெட்டு வைப்பதற்கு முந்தைய காலம். அண்ணன் தம்பிக்குப் பொதுவாக ஒரு கிணறு, அதில் கமலை. கிணற்றுக்கு மேலே மரச்சட்டத்தில் ஒரு பெரிய உருளை இருக்கும். அதன் மேல் ஓடும் தடித்த கயிற்றுக்கு வடம் என்று பெயர். வடத்தின் ஒரு நுனியில் தண்ணீர் மொள்ளும் சால், மறு நுனியில் நுகத்தடி. கிணற்றிலிருந்து வெளியே சரிவாக ஒரு பாதை இறங்கும். மாடுகள் அந்தச் சரிவில் இறங்கினால் சால் மேலே வரும், பின்பக்கமாகவே நடந்து ஏறினால் சால் கீழே போகும். இறங்கும்போது ஓட்டுகிறவன் வடத்தின் மேலேயே உட்கார்ந்துகொள்வான். அவன் எடையும் சேர்ந்து இழுக்கும். பார்க்க அழகான ஏற்பாடு. ஆனால் அத்தனையும் நிற்பது அந்த ஒரு கயிற்றில்.

கோடையில் தண்ணீர் வற்றியதும் கிணற்றில் இறங்கித் தூர் வாருவார்கள். சாலில் தண்ணீருக்குப் பதில் சேறு ஏறும். தேங்காய் நார் வடத்துக்குத் தண்ணீரால் அவ்வளவு கேடு இல்லை. சேறுதான் எமன். அதிலுள்ள மணல் புரிகளுக்குள் புகுந்து உள்ளேயிருந்தே அறுக்கும். அதனால் தூர் வாரும்போது புதுவடத்தை எடுத்து வைத்துவிட்டுப் பழசைக் கட்டுவது எல்லோரும் செய்கிற சிக்கனம்தான். ஆனால் பழசு எவ்வளவு பழசு என்று பார்க்க வேண்டும்.

அன்றைக்கு மேலே ஒச்சப்பன் மாடு ஓட்டினார். உள்ளே நின்று சேறு வெட்டியவன் தம்பி கருப்புசாமி. சால் உருளையைத் தொடும் நேரத்தில் வடம் அறுந்தது. கருப்புசாமி நிமிர்ந்து பார்த்தான் என்று சொல்கிறார்கள். நிமிர்ந்த முகத்தின் மேல்தான் சால் விழுந்தது.

பழனியம்மாள் அழுது முடித்த பிறகு அறுந்த நுனியைப் போய்ப் பார்த்தாள். நல்ல கயிறு பாரம் தாங்காமல் அறுந்தால் நார்கள் முள்ளு முள்ளாக நீட்டிக்கொண்டு நிற்கும். இற்றுப்போன கயிறு பஞ்சு மாதிரி மழுங்கி அறும். இது மழுங்கி அறுந்திருந்தது. புதுவடமோ மூத்தார் வீட்டுத் தொழுவத்து முளையில் சுருண்டு தொங்கியது. யார் கேட்டும் அவர் வாயைத் திறக்கவில்லை. காரியம் முடிந்த கையோடு அந்த வீட்டில் உடுக்குச் சத்தம் கேட்டது.

போன பிறவியில் பழனியம்மாள், தாகம் என்று வாசலில் வந்து நின்ற பிள்ளைத்தாச்சிக்குத் தண்ணீர் இல்லை என்று சொன்னவளாம். அந்தப் பிள்ளைத்தாச்சி அங்கேயே விழுந்து செத்தாளாம். அந்தத் தண்ணீர்தான் இப்போது கிணறாக வந்து இவள் புருஷனை எடுத்துக்கொண்டதாம். வயிற்றில் பிறந்த பெண்ணுக்கும் அதில் பங்கு உண்டு என்றார் ராமர். இப்படிச் சொல்வதில் ஒரு வசதி இருந்தது. நேற்று நடந்ததற்குச் சாட்சி கேட்பார்கள். போன பிறவிக்கு யாரும் சாட்சி கேட்பதில்லை. ஒச்சப்பனுக்கும் சோலையம்மாளுக்கும் பிள்ளை இல்லாததற்கு எந்தப் பிறவியில் காரணம் என்று ஊரில் ஒருவரும் விசாரிக்கவில்லை.

பங்கு கிடைத்த பெண்ணுக்குப் பெயர் பஞ்சவர்ணம். அப்போது ஏழு வயது. பரிகாரமாக மதுரை ரோட்டோரப் புளியமரத்தடியில் பானை வைத்துப் போகிற வருகிறவர்களுக்குத் தண்ணீர் கொடுக்கச் சொன்னார்கள். பத்தொன்பது வயதாகியும் கொடுத்துக்கொண்டிருந்தாள். சின்னாளப்பட்டியிலிருந்து சேலை மூட்டையோடு வருகிறவர்கள் குடிப்பார்கள், யார் மகள் என்று கேட்பார்கள். தெரிந்ததும் சிலர் மீதியைக் கீழே ஊற்றிவிடுவார்கள். பெண் பார்க்க வந்தவர்கள் பக்கத்துத் தெருவில் விசாரித்துவிட்டுக் கை நனைக்காமல் திரும்பிப்போனார்கள். இது இரண்டு முறை நடந்தது. மூன்றாவது முறைக்கு யாரும் வரவில்லை. பஞ்சவர்ணம் யாரையும் குறை சொல்லவில்லை. தான் செய்யாத பாவத்தைத் தான் செய்ததாகவே நம்பினாள். பழனியம்மாளால் பொறுக்க முடியாமல் போனது அதுதான். கிணற்றையாவது பொறுத்திருப்பாள்.

அவளுக்கு வேண்டியது ஒன்றே ஒன்று. அந்தப் பாவத்தை மகள் தலையில் ஏற்றிய வாய்களே, நாலு பேர் முன்னால் அதை இறக்க வேண்டும்.

ஆகவே காலையில் சோலையம்மாள் வந்து நின்றபோது அவள் எழுந்திருக்கவில்லை.

"பழனி, செத்த நேரம் வந்துட்டுப் போத்தா. அந்த மனுசன் படுற பாடு பார்க்க முடியல."

"நான் எங்கக்கா பார்க்குறேன். எனக்குக் கேக்க மட்டுந்தேன் செய்யுது. நல்லாக் கேக்குது."

சோலையம்மாள் முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு நின்றாள். பஞ்சவர்ணம்தான் தாயைக் கெஞ்சினாள். பெரியப்பா ஒரு நாளும் தன்னைக் கடிந்து பேசியதில்லை என்றாள், பெரியம்மா வெள்ளி தவறாமல் தனக்கு எண்ணெய் தேய்த்துவிட்டவள் என்றாள். பழனியம்மாள் மகளைப் பார்த்தாள். பிறகு எழுந்து, ஆட்டில் கொஞ்சம் பால் கறந்து பாலாடையில் எடுத்துக்கொண்டாள். கைக்குழந்தைக்கு ஊட்டுகிற அந்தச் சின்னப் பித்தளைப் பாத்திரத்தில் இரண்டு மூன்று மடக்குக்கு மேல் கொள்ளாது. சாகிறவருக்கு அது போதும்.

ஒச்சப்பனைக் கட்டிலிலிருந்து இறக்கித் தரையில் பாயில் கிடத்தியிருந்தார்கள். கூட்டம் வழி விட்டது. அவள் பாலோடு போய் உட்கார்ந்தாள். ஆனால் ஊற்றவில்லை. தலைமாட்டில் உடுக்கோடு இருந்த ராமரைப் பார்த்தாள்.

"கோடாங்கியாரே, எம் புருசன் செத்தது என் போன ஜென்மத்துப் பாவம்னு நீங்கதான சொன்னீக?"

"நான் எங்க சொன்னேன் தாயி. ஆத்தா சொன்னா."

"சரி, ஆத்தா சொன்னா. அப்ப இவுக ஒண்ணும் பண்ணல. ஒண்ணும் பண்ணாத மனுசன நான் எதுக்கு மன்னிக்கணும்?"

ராமர் கெட்டிக்காரர், உடனே ஒரு வழி கண்டுபிடித்தார். விதி தானாக நடந்து வராது, யாராவது ஒரு ஆளின் கையில் ஏறித்தான் வரும், அந்தக் கைக்குத்தான் மன்னிப்பு என்றார். அப்படியானால் கை என்ன செய்தது என்பதைக் கையே சொல்லட்டும் என்றாள் பழனியம்மாள். இல்லையென்றால் எங்கள் மேல் பாவம் இல்லை என்று கோடாங்கி சொல்லட்டும். இரண்டில் ஒன்று நடக்காமல் பால் தொண்டைக்குள் இறங்காது. தான் அவசரப்படவில்லை என்றும் சொன்னாள். சொல்லி முடித்ததும் ஒச்சப்பன் ஒரு மூச்சை இழுத்தார். அது பாதியில் சிக்கி, நெஞ்சுக்கூடு எழும்பி அப்படியே நின்று, பிறகு இறங்கியது. எல்லோரும் பார்த்தார்கள். அவளும் பார்த்தாள். பாலாடையைப் பிடித்த கை அசையவில்லை.

சொன்ன குறியைத் திரும்ப வாங்கிக்கொண்டால் சுற்றுவட்டாரத்தில் யாரும் தன்னைக் கூப்பிட மாட்டார்கள் என்பது ராமருக்குத் தெரியும். அவர் பாயைக் காட்டினார். "அவர்ட்டயே கேளு."

அவள் குனிந்தாள். "மாமா. புதுவடம் தொழுவத்துல இருந்துச்சா?"

ஒச்சப்பன் கண்ணைத் திறந்தார். இமை ஒரு முறை மூடித் திறந்தது.

"பழசு இத்துப்போச்சுன்னு தெரியுமா?"

மறுபடியும் மூடித் திறந்தது.

"யாரு கட்டுனது?"

அவர் பார்வை கூட்டத்தில் எங்கோ போய்த் திரும்பி வந்தது. விரலை மெல்லத் தூக்கித் தன் நெஞ்சின் மேல் வைத்தார். "நாந்தேன்" என்றார். அந்த வீட்டில் பல நாளைக்குப் பிறகு புரிகிற மாதிரி வந்த ஒரே வார்த்தை.

ராமர் காத்திருக்கவில்லை. பாவம் இடம் மாறிவிட்டது, இந்தப் பிள்ளை மேல் இனி ஒரு குறையும் இல்லை, ஆத்தா கண் திறந்துவிட்டாள் என்று உடுக்கை ஒரு தட்டுத் தட்டி எல்லோருக்கும் கேட்கச் சொன்னார். நிலைப்படியில் நின்ற பஞ்சவர்ணம் தன் இரண்டு உள்ளங்கைகளையும் திருப்பிப் பார்த்துக்கொண்டாள், அவற்றில் இத்தனை நாள் இருந்த ஏதோ ஒன்று உதிர்ந்ததா என்பதுபோல.

பழனியம்மாளுக்கு வேண்டியது கிடைத்துவிட்டது. நெஞ்சு குளிரும் என்று நினைத்திருந்தாள். அவள் கண்டதோ உதடு வெடித்த ஒரு கிழவரை. மன்னிப்பு இவ்வளவு லேசாக வரும் என்று அவளுக்குத் தெரிந்திருக்கவில்லை. அவர் தலையைத் தன் மடியில் எடுத்து வைத்து, பாலாடையின் மூக்கை உதட்டில் பொருத்தி, குழந்தைக்கு ஊற்றுவதுபோல் நிறுத்தி நிறுத்தி ஊற்றினாள். "மன்னிச்சேன் மாமா" என்றாள். போயிட்டு வாங்க என்று வழக்கமாக வாயில் வருவதை விழுங்கிக்கொண்டு, "போங்க" என்று மட்டும் சொன்னாள்.

கடைசி மடக்கு உள்ளே போனது. மூச்சு வெளியே வந்தது. அடுத்தது வரவில்லை.

ஒப்பாரி எழும்புவதற்கு முன்னால் யாரும் எதிர்பாராத ஒன்று நடந்தது. சோலையம்மாள் புருஷன் மேல் விழவில்லை. தவழ்ந்து வந்து பழனியம்மாளின் கால்களைக் கட்டிக்கொண்டாள். மூத்தவள் இளையவள் காலில் விழும் வழக்கம் கிடையாது. பக்கத்தில் இருந்த பெண்கள் அவளைத் தூக்கப் பார்த்தார்கள். அவள் விடவில்லை.

"அவுக இல்ல பழனி. நாந்தேன். அவுக புதுசத்தேன் தோள்ல போட்டுக் கிளம்புனாக. சகதியில புதுசு வீணாப்போகும், பழசு ஒரு நாளைக்குத் தாங்கும்னு நாந்தேன் அதப் பிடுங்கித் தொழுவத்துல மாட்டி வச்சேன். கோடாங்கியக் கூட்டியாந்ததும் நாந்தேன். எனக்காகத்தேன் அவுக வாயத் தொறக்கல. அவுகள மன்னிச்ச வாயால எனக்கும் ஒரு வார்த்த சொல்லிரு."

இத்தனை வருஷம் அடக்கியதை அவள் ஏன் அந்த நிமிஷத்தில் கொட்டினாள் என்று பிறகு ஊரில் பலர் கேட்டார்கள். விஷயம் எளிமையானது. மன்னிப்பு எவ்வளவு சுலபமாகக் கிடைக்கிறது என்பதை அவள் கண்ணெதிரே பார்த்தாள். பால் ஊற்றிய கை இன்னும் ஈரமாக இருக்கும்போதே கேட்டுவிட நினைத்தாள்.

பழனியம்மாள் காலைப் பிடித்திருந்த கைகளைப் பார்த்தாள். வெள்ளிக்கிழமைகளில் பஞ்சவர்ணத்தின் தலையில் எண்ணெய் தேய்த்த கைகள். பெண் பார்க்க வந்தவர்கள் திரும்பிப்போனபோது தெருவில் எல்லோரையும்விடச் சத்தமாக அழுதவளும் இவள்தான். தன்னிடமிருந்த ஒரே அரிவாளைத் தப்பான கயிற்றில் போட்டுவிட்டோம் என்று அவளுக்குப் புரிந்தது. அப்போது அவளுக்குள் வந்தது கோபமாகக்கூட இல்லை. அதைவிடச் சுத்தமான ஒன்று.

பாலாடையைச் சோலையம்மாளின் முகத்துக்கு நேராகக் கவிழ்த்துக் காட்டினாள். "கொண்டாந்தது அம்புட்டுத்தேன் அக்கா."

பால் வேண்டாம், வார்த்தை போதும் என்றார் ராமர்.

"கோடாங்கியாரே, நான் மன்னிக்காம விட்டா என்னாகும்? எல்லாத்துக்கும் தெரிஞ்சதுதேன். இருந்தாலும் நீங்க சொல்லுங்க, அக்கா கேக்கட்டும்."

ராமர் உடுக்கைத் தரையில் வைத்தார். "ரெண்டு உயிரும் சேந்து பொறக்கும்."

"அவுக புருசன்?"

"அவர் கட்டு அறுந்துருச்சு தாயி. அவர் வழி வேற."

"கேட்டியாக்கா. மாமாவ நான் அனுப்பி வச்சுட்டேன். இனி எந்தப் பொறப்புலயும் அவுகளத் தேடாத. நீ எங்கூடத்தேன் வருவ. இந்தப் பொறப்புலயும் ஒனக்கு இழுக்கும்போது நான் அடுத்த வீட்டுலதேன் இருப்பேன்."

சோலையம்மாளின் பிடி தளர்ந்தது. ராமர் மெதுவாக, இந்த முறை சாமி இல்லாமல், பக்கத்து வீட்டுக்காரர் பேசுவதுபோல் பழனியம்மாளிடம் சொன்னார்: "ஒனக்கும் அதே கட்டுத்தேன் தாயி. கருப்புசாமி அங்க காத்துக் கெடப்பான். நீ இவ பின்னாலதேன் போவ."

இதை அவள் நினைக்கவில்லை. கயிற்றுக்கு இரண்டு நுனி உண்டு என்பது அவள் நன்றாக அறிந்ததுதான். ஆனால் மற்றவள் கழுத்தில் கிடக்கிற நுனியை மட்டுமே இவ்வளவு நேரமும் பார்த்துக்கொண்டிருந்தாள். கிணற்றுக்குள்ளிருந்து நிமிர்ந்த ஒரு முகம் அவளுக்குத் தெரிந்தது. ஒரே வார்த்தைதான். அத்தனை பேரும் அவள் வாயைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

"இருக்கட்டும்" என்றாள்.

சோலையம்மாள் அலறியது அப்போதுதான். புருஷனுக்கா, தனக்கா என்று தெரியாத அலறல். பழனியம்மாள் எழுந்து, வா போகலாம் என்று மகளைக் கூப்பிட்டாள். பஞ்சவர்ணம் உள்ளே வந்தாள். ஆனால் தாயைத் தாண்டிப் போய், பெரியம்மாவின் தலையை எடுத்துத் தன் தோளில் சாய்த்துக்கொண்டு உட்கார்ந்தாள்.

"ஒன் மேல பாவம் இல்லன்னு வாங்கிக் குடுத்தவ நான்டீ."

"ஆமாம்மா. போன ஜென்மத்துல நீ பண்ணலன்னு ஆயிருச்சு." பஞ்சவர்ணம் நிமிரவில்லை. "இப்பப் பண்ணிட்டியே."

பழனியம்மாள் தனியாகத் தன் வீட்டுக்கு வந்தாள்.

தெருவில் பிணம் கிடந்தால் எடுக்கிற வரைக்கும் எந்த வீட்டிலும் அடுப்பு எரியாது. பங்காளி வீட்டில் அதற்குப் பிறகும் எரியாது. சம்பந்தக்காரர்கள் சமைத்துக் கொண்டுவந்து போடுவார்கள். சிறுபிள்ளைகள்கூட அந்த நேரத்தில் பசி என்று கேட்பதில்லை. பழனியம்மாள் சுள்ளியை ஒடித்து அடுப்பை மூட்டினாள். உலை வைத்து அரிசி போட்டாள். இரண்டு பேருக்குப் போட்டாள். கத்தரிக்காய் நறுக்கி, எண்ணெய் காய்ந்ததும் கடுகும் வரமிளகாயும் போட்டுத் தாளித்தாள். கடுகு வெடித்தது. காரநெடி மேலே எழும்பி, சுவரைத் தாண்டி இறங்கியது.

அந்தப் பக்கம் ஒப்பாரி நின்றது. யாரோ இருமினார்கள். யாரோ ஒருவர் தாழ்ந்த குரலில் ஏதோ கேட்க, இன்னொருவர் ஆமாம் என்றார். பிறகு மறுபடி தொடங்கியபோது முன்னைவிட உரத்துத் தொடங்கியது. அதில் பஞ்சவர்ணத்தின் குரல் தனியாகத் தெரிந்தது. கருப்புசாமி செத்தபோது ஏழு வயதுப் பிள்ளைக்கு ஒப்பாரி தெரியாது. திருதிருவென்று விழித்துக்கொண்டு நின்றது. இப்போது அடி தவறாமல், மூச்சு வாங்கும் இடம் அறிந்து பாடினாள்.

பழனியம்மாள் வெஞ்சனத்தை இறக்கினாள். ஒரு வட்டிலில் சோற்றைப் போட்டு மகளுக்கென்று மூடி வைத்தாள். இன்னொன்றில் தனக்குப் போட்டுக்கொண்டு, சுவரைப் பார்க்க உட்கார்ந்து சாப்பிட்டாள்.